மாரியில் சீவிய கதவு

என் மாமியாரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவர் காலமாகிச் சில வருடங்கள் கழித்துத்தான் அவருடைய மகளை நான் கல்யாணம் முடித்தேன். அவருடைய கையெழுத்தென்றோ நல்ல படமென்றோ எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தது ஒரு கதவின் ஓரத்தில் அவர் கத்தியால் கீறிய ஒரே ஒரு குறி. இடம்பெயர்வு, வெள்ளம், கறையான் எல்லாவற்றுக்கும் தப்பி முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த அந்தக் குறியை, ஒரு சனிக்கிழமைக் காலையில், வாயில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, நான் மெசின் வைத்துச் சீவி எறிந்தேன். அந்த இடத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. (சீவி முடித்ததும் விரலால் தடவிப் பார்த்து, "ஆகா, கண்ணாடி!" என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சொல்ல வந்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.)

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. பெற்றோர் வீட்டைக் கட்டி மகளின் பெயருக்கு எழுதி, அதற்குள் ஒரு மருமகனைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் செங்கலடியிலிருந்து ஒரு சூட்கேசும் இரண்டு பெட்டி புவியியல் புத்தகமுமாகச் செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தவன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் மனைவி புவனாவின் பெயர். கிணறு அவளுடையது. தென்னைகள் அவளுடையவை. கோழிகள்கூட அவள் குரலுக்குத்தான் ஓடிவரும், நான் கூப்பிட்டால் நின்று யோசிக்கும். யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் பதினைந்து வருடமாகியும் அந்த வீட்டில் "இது நான் செய்தது" என்று காட்ட ஒரு ஆணிகூட இல்லை என்பது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அரிப்பு முற்றிய நேரத்தில் கைத்தொலைபேசியில் அந்த வீடியோக்கள் வரத் தொடங்கின. தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு பக்கத்தால் பலகையைத் தள்ளுவார், மறுபக்கத்தால் மேசை வரும். வியர்க்காது, திட்டமாட்டார், "அந்தச் சுத்தியலை எங்கே வைத்தாய்" என்று மனைவியைக் கேட்கவும் மாட்டார். இரண்டு மாதம் பார்த்தேன். பார்த்துப் பார்த்து, நானும் ஒரு தச்சன், பற்றரி இல்லாததுதான் குறை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

பட்டணத்தில் போய்ப் பெட்டியோடு வாங்கிவந்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ட்ரில் மெசின், கிரைண்டர், வாள், சீவுற மெசின், எல்லாவற்றுக்கும் ஒரே பற்றரி. பெட்டியின் அளவைப் பார்த்துப் புவனாவின் முகம் மலர்ந்தது.

"தையல் மெசினா?"

"இல்ல. பார், இது சீவுறது, இது துளைக்கிறது, இது வெட்டுறது…"

மலர்ந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. "என்ட வீட்டுல ஓட்ட போடுறதெண்டா என்னக் கேட்டுட்டுப் போடுங்க," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

முதல் வாரத்தில் நான் செய்த சாதனைகள்: வாளால் ஒரு பலாப்பழம் வெட்டினேன் (பால் ஒட்டி வாளைக் கழுவ அரைநாள் ஆனது). கிரைண்டரால் ஒரு தேங்காயைச் சரிபாதியாகப் பிளந்தேன் (ஒரு பாதியைப் பிறகு பக்கத்து வீட்டு மேரி அக்காவின் வளவில் கண்டெடுத்தோம்). மாமாவின் படத்தை மாட்டச் சுவரில் துளை போட்டேன். துளைக்குள் ஆணி போனது, ஆணிக்குப் பின்னால் படமும் பாதி போகிற அளவுக்குத் துளை. "பலாப்பழம் வெட்டவும் உங்களுக்குப் பற்றரி தேவையா?" என்று புவனா கேட்டாள். பெரிய கலைஞர்களுக்கு வீட்டில் மதிப்பிருப்பதில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புவனாவின் அப்பா. வாவிக்கு அந்தப் பக்கம் வெல்லாவெளியில், வட்டை என்கிற பெருவயல்வெளியில், வயல் செய்கிறவர். விதைத்த நாளிலிருந்து அறுக்கும்வரை பெரும்பாலும் வயல் வாடிக் குடிலில் இருப்பார், மற்ற நாட்களில் எங்கள் வளவிலேயே ஒரு சின்ன அறையில். அதிகம் பேசமாட்டார். என்னை எப்போதும் "மருமகன்" என்றுதான் அழைப்பார், எப்போதும் "நீங்க". அந்த மரியாதைக்கும் நெருக்கத்துக்கும் இடையில் ஒரு வாவியே கிடக்கிறது என்று எனக்கு ஒரு குறை.

எங்கள் முன்கதவு அவர் கொண்டுவந்த கதவு. ஒற்றை முதிரை மரக் கதவு, தடித்த பலகை. வெல்லாவெளிப் பக்கத்திலிருந்த பழைய வீட்டை விட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடவேண்டி வந்த நாளில் பலரும் நகையை எடுத்தார்கள், உடுப்பை எடுத்தார்கள். மாமாவும் மாமியும் கதவைக் கழற்றினார்கள். உழவு மெசினின் பின்பெட்டியில் ஏற்றி வாவிக்கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு தோணிக்குக் குறுக்கே கதவைப் போட்டு, அதன் மேல் மாமி புவனாவையும் ஒரு கோழியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாராம். பிறகு பல வருடம் தென்னோலைக் கிடுகுக் குடிசையில் இருந்தார்கள். சுவர் கிடுகு, கூரை கிடுகு, கதவு மட்டும் முதிரை. கள்ளன் வந்தால் கதவைத் தட்டாமல் சுவரை விலக்கிக்கொண்டு வரலாம். இந்தக் கல்வீட்டுக்குக் கூரை ஏறுமுன்பே மாமி காய்ச்சலில் போய்விட்டார்.

மஞ்சள் பெட்டியைப் பார்த்த அன்று மாமா ஒன்றே ஒன்று சொன்னார்.

"எல்லாத்துக்கும் வைங்க மருமகன். கதவுக்கு மட்டும் மெசின் வைக்காதீங்க."

"ஏன் மாமா?"

"வேணா."

அவ்வளவுதான். பழைய மனிதர், மெசினைக் கண்டால் பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன்!

மார்கழி வந்தது. மழை வந்தது. எங்கள் பக்கம் மாரி மழை என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை, கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையாலேயே அள்ளலாம். ஒவ்வொரு மாரிக்கும் அந்தக் கதவு ஊதி நிலையோடு இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு மாரிக்கும் மாமா வந்து, வழுக்கட்டும் என்று ஓரத்தில் சவர்க்காரம், அதாவது சோப்பு, பூசுவார். கதவின் ஓரத்தை மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் தடவுவார், முழங்கால் உயரத்தில் கை சற்று நிற்கும், பிறகு நிமிர்ந்து, "தையோட தன்பாட்டில சரிவரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். சவர்க்காரம் பூச இவ்வளவு நேரமா என்று நான் மனதுக்குள் சிரித்ததுண்டு.

அந்த மார்கழியில் மாமா வயலில் நின்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாடசாலைக்குப் போக வெள்ளைச் சேட்டும் காற்சட்டையுமாக நான் கதவை இழுக்கிறேன், வரவில்லை. காலை நிலையில் ஊன்றி இழுக்கிறேன், கைப்பிடி மட்டும் வந்தது. குசினிப் பக்கம் முழங்கால் அளவு வெள்ளம். வேறு வழியில்லாமல் யன்னலால் ஏறிக் குதித்தேன். குதித்த இடத்தில் சேறு. நிமிர்ந்தால், குடைபிடித்தபடி என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர். "குட் மோர்னிங் சேர்" என்றார்கள் ஒரே குரலில். மேரி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "என்ன சேர், சொந்த வீட்டுலயே களவோ?" என்று கேட்டாள்.

சொந்த வீடு! அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. நாளைக்கே இந்தக் கதவுக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று சேற்றில் நின்றபடியே முடிவெடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வெள்ளம் வடிய, புவனா குசினிப் பக்கத்தால் பட்டணத்துக்குப் போனாள். பஸ் மறைந்ததும் நான் பெட்டியைத் திறந்தேன். ஒரு மணி நேரம் போராடிக் கதவைத் திறந்து, பிணைச்சல் கீல்களைக் கழற்றி, கதவைத் தரையில் சரித்து நிறுத்தினேன். ஓரத்தைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் மரத்தில் ஏதோ கீறல் மாதிரி. எலி கடித்திருக்கிறது, பாவம், இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லையே என்று நினைத்தேன். சீவுற மெசினை வைத்து அழுத்தினேன்.

அந்தச் சத்தம் இருக்கிறதே! முதிரை தூள்தூளாகப் பறந்தது. ஒரு இழுவை, இரண்டு இழுவை. கதவு மெலியமெலிய எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த எலி கடித்த இடத்துக்குக் கூடுதல் கவனம் எடுத்து மேலும் நான்கு இழுவை. கீறல் போய்விட்டது. இந்த வீட்டில் என் கைபட்ட ஒரு இடம் ஆயிற்று என்று நினைத்தேன். தூளை வீணாக்காமல் அள்ளிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டில் அடைக்கோழிக்கு மெத்தையாகப் போட்டேன்.

புவனா வந்தபோது கதவு சாத்தியிருந்தது. ஒரு விரலால் தள்ளச் சொன்னேன். தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. "பரவாயில்லையே," என்றாள். பதினைந்து வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் என் தொழிலை ஒருமுறை நினைவூட்ட வேண்டும். நான் புவியியல் ஆசிரியன். வடகீழ்ப் பருவக்காற்று, ஈரப்பதன், அது மரத்துக்கும் மண்ணுக்கும் செய்கிற வேலை, எல்லாம் பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன். மாரியில் ஊதிய மரம் கோடையில் சுருங்கும் என்பது என் வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்று தெரியவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மாமா வந்தார். முதல் அறுத்த நெல்லில் குத்திய புது அரிசி ஒரு பையில். மழை விட்டிருந்தது. நான் வாசலில் ஆயத்தமாக நின்றேன்.

"தள்ளிப் பாருங்க மாமா. ஒரு விரல் போதும்."

அவர் பையைக் கீழே வைத்தார். கதவைத் தள்ளினார். திறந்தது. ஒன்றும் பேசாமல் வழக்கம்போல ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார். முழங்கால் உயரத்தில் கை நின்றது. மேலே போனது, திரும்பக் கீழே வந்தது. குந்தியிருந்து மூக்கு முட்டப் பார்த்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கும்.)

"இதுல சீவின தூள் எங்க மருமகன்?"

"கோழிக்கூட்டுல மாமா," என்றேன் பெருமையாக. "ஒண்டும் வீணாக்கல்ல."

அவர் எழும்பிக் கோழிக்கூட்டுப் பக்கம் நடந்தார். நடையில் ஏதோ பிசகு. அந்த நேரம் புவனா வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், குனிந்து ஓரத்தைப் பார்த்தாள்.

"ஐயோ! அம்மாட குறி!"

"என்ன குறி? எலி கடிச்ச இடம்தானே அது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பதினைஞ்சு வருசமாத் திறந்து பூட்டுறீங்க. ஒரு நாளாவது குனிஞ்சு பாக்கல்லயா? அது எங்கட குடிக்குறி. அம்மா கீறினது. அவட கையால மிஞ்சினது அது ஒண்டுதான்."

எங்கள் ஊர்களில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. தாயின் குடி பிள்ளைக்கு. ஒவ்வொரு குடிக்கும் மாட்டுக்குச் சுடுகிற குறி ஒன்று உண்டு. ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலையில் இப்படிக் கழற்றிக் கொண்டுவந்த வேறு வீட்டுக் கதவுகளையும் சேர்த்து விறாந்தையில் ஒன்றோடொன்று சாத்தி அடுக்கியிருந்தார்களாம், ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும். கதவு மாறிப்போகாமல் இருக்க மாமி தன் குடிக்குறியை ஓரத்தில் கீறியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் எங்களுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு விவசாயி, ஒரு பட்டதாரி ஆசிரியன், அவன் மனைவி, மூன்று பேரும் கோழிக்கூட்டுக்கு முன்னால் மண்டியிட்டு மரத்தூளைக் கிளறுகிறோம். அடைக்கோழி என் கையைக் கொத்திக் கொத்தி இரத்தம் எடுத்தது. கொத்தட்டும் என்று விட்டேன். தூளில் குறி எங்கே கிடக்கும்? அரிசிக் குறுணி அளவுத் தூள். எல்லாம் முதிரை நிறம், பாதியில் கோழி எச்சம். ஆனாலும் மாமா ஒரு சுளகைக் கொண்டுவந்து புடைத்துப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவராவது "காணும், போதும், விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் கிளறிக்கொண்டே இருந்தோம். மேரி அக்கா வேலிக்கு மேலால் பார்த்தாள், எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். மேரி அக்கா கேள்வி கேட்காத ஒரே நாள் அதுதான்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கியது, பேச்சுப் பொங்கவில்லை. நான் பொறுக்கமுடியாமல் ஒரு யோசனை சொன்னேன். குறிதானே, திரும்பக் கீறலாமே? குறி எப்படி இருக்கும்? புவனா தரையில் ஒரு மாதிரிக் கீறினாள். மாமா இல்லை, வளைவு மறுபக்கம் என்றார். கடைசியில் மாமா, "பெரியம்மாட மாட்டப் பாப்பம்," என்றார். மாமியின் அக்கா வெல்லாவெளியில் இருந்தார். அதே தாய், அதே குடி, அதே குறி.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரியம்மாவின் பட்டியில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும். கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு நான் மாடுகளின் பின்பக்கமாக ஓட, அவை என்னைக் கண்டு ஓட, சாணியில் இரண்டு முறை விழுந்தேன்.

"என்ன தம்பி, மாட்டுக்குப் பின்னால ஆராய்ச்சியோ?" என்றார் பெரியம்மா, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு.

ஒரு கிழட்டுப் பசு மட்டும் இரக்கப்பட்டு நின்றது. தொடையில் குறி தெளிவாக இருந்தது. ஒரு வளைவு, மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கால். படம் எடுத்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். மாமா கிட்டே வந்து பசுவின் தொடையில் கை வைத்துத் தடவினார்.

"ஓம். குறி இதான்," என்றார். கையை எடுத்தார். "ஆனா இது இல்ல."

"என்ன மாமா சொல்லுறீங்க? இதானே குறி?"

"மாட்டுல சரியா இரிக்கி. அவ கீறினது பிழையா இரிக்கும்." அவர் பசுவைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. "கதவுட முகத்துல கீறினா வடுப் போலக் கிடக்கும், ஓரத்துல கீறுவம் எண்டு சொல்லி, தேங்கா உடைக்கிற கத்தியால பகல் முழுக்கக் கீறினவ. கடைசிக் கோடு இழுக்கக்குள்ள கத்தி வழுக்கிட்டு. விரலும் வெட்டிட்டு, கோடு ஒண்டு கூடவும் விழுந்திட்டு. 'பிழைச்சிட்டு, அழிச்சுப்போட்டுத் திரும்பக் கீறட்டோ' எண்டு கேட்டா. நான்தான் வேணா, கிடக்கட்டும் எண்டன்."

நாற்பது நிமிடப் பாடத்தை எழுபது நிமிடம் நடத்துகிறவன் நான். அன்று பட்டிக்குள் சாணியோடு நின்று, "மாமா… மாமா…" என்றேன். மாமியே அழிக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லி அவர் காப்பாற்றி வைத்ததை நான் பாட்டுப் பாடிக்கொண்டு அழித்திருக்கிறேன்.

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் அவர். "கதவுக்கு மெசின் வைக்காதீங்க எண்டன். ஏனெண்டு சொல்லல்ல. இந்த வயசில அதச் சொல்ல வெக்கமாக் கிடந்திச்சு." பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "குறி அவட ஆக்கள்ர சொத்து. நானும் உங்களப் போல வந்த ஆள்தான், மனே. வாங்க போவம்," என்றார்.

மனே, அதாவது மகனே, என்று அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. அதற்காகப் பதினைந்து வருடம் ஏங்கியவன் நான். அன்று அது கிடைத்தபோது வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

மாசியில் வெயில் ஏற, கதவு சுருங்கத் தொடங்கியது. முதலில் ஒரு விரல் இடைவெளி. பங்குனியில் மூன்று விரல். சித்திரையில் மேரி அக்காவின் பூனை, சாத்திய கதவால் உள்ளே வந்து, பால் குடித்து, சாத்திய கதவால் வெளியே போனது. தபால்காரர் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டுக் கடிதத்தை இடைவெளியால் நீட்டத் தொடங்கினார். தாழ்ப்பாள் துளைக்கு எட்டவேயில்லை. கடைசியில் தச்சுவேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். (அவரிடம் என்னுடையதைவிடப் பெரிய மெசின் இருந்தது. அதுவும் ஒரு அவமானம்.) அவர் கதவைப் பார்த்தார்.

"எப்ப சீவின?"

"மார்கழியில."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேர் என்ன பாடம் படிப்பிக்கிறீங்க?"

"புவியியல்."

மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. வேலியில் நின்ற மேரி அக்காவுக்கு அந்த மரியாதையும் இல்லை. "மாரியச் சீவின சேர்!" என்று கத்தியே சிரித்தாள். அன்றிலிருந்து ஊரில் எனக்கு அதுதான் பெயர். பாடசாலையில் பருவக்காற்றுப் பாடம் வந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தச்சர் முதிரைச் சட்டம் ஒன்றை ஓரத்தில் ஒட்டினார். அடுத்த மாரிக்கு ஊத இடம் வேண்டுமே, அதனால் சற்றுக் குறைத்தே ஒட்டினார். பசுவின் படத்தைப் பார்த்துப் புவனா குசினிக் கத்தியால் சட்டத்தில் குறியைக் கீறினாள். ஒரு பிழையும் இல்லை. மாமா ஒருமுறை தடவிப் பார்த்து, "நல்லா இரிக்கி புள்ள," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த ஓரத்தில் கை வைப்பதை நான் காணவில்லை. வீட்டுக்கு வந்தால் குசினிப் பக்கத்தால் வரத் தொடங்கினார்.

அந்தக் குசினிப் பக்க வருகைதான் என்னைக் கொன்றது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வைகாசியில் ஒரு நாள், பழக்கதோசம், திரைச்சீலைக் கம்பி மாட்ட யாரையும் கேட்காமல் ட்ரில் மெசினை எடுத்தேன். ஒரு துளைதான் போட்டிருப்பேன். புவனா வந்து மெசினை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள், குசினிக் கத்தியை எடுத்தாள், பெட்டியை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, மஞ்சள் மூடியில் குடிக்குறியைக் கீறத் தொடங்கினாள்.

"என்ன செய்யிற?"

"குறி வைக்கிறன். இனி இது எங்கட ஆக்கள்ர மாடு. கேக்காமத் தொட்டா களவு."

கோபத்தில் அழுத்திக் கீறினாள். பிளாஸ்டிக் வழுக்கு. கடைசிக் கோடு இழுக்கும்போது கத்தி சறுக்கி, மூடி முழுக்க நீளமாக ஒரு கோடு கூட விழுந்தது. "சை!" என்றாள், விரலை வாயில் வைத்துக்கொண்டு. மாமா அந்த நேரம் வளவுக்குள் வந்துகொண்டிருந்தார்.

"வழுக்கிட்டோ புள்ள?"

"ஓம் அப்பா. பிழைச்சிட்டு."

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பெருவிரலை அந்தக் கூடுதல் கோட்டில் வைத்து மெல்ல இழுத்தார்.

"கிடக்கட்டும்," என்றார்.

இன்றைக்கும் கோடை மாதங்களில் எங்கள் தாழ்ப்பாள் சரியாக எட்டுவதில்லை, கடற்காற்று தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். அதற்கு முட்டாக மஞ்சள் பெட்டியைத்தான் கதவடியில் வைத்திருக்கிறோம். உள்ளே எல்லா மெசினும் இருக்கின்றன. பற்றரி செத்துப் பல மாதம். விருந்தினர் வந்து பெட்டியைப் பற்றிக் கேட்டால் மேரி அக்கா முதல் தபால்காரர் வரை யாராவது ஒருவர் மாரியைச் சீவிய கதையைத் தொடங்குவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், தேங்காய்ப் பாதி பறந்த இடத்தில் நானே கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். கோழிக்கூட்டுப் பகுதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மாமா திரும்ப முன்வாசலால்தான் வருகிறார். கதவைத் தள்ளி உள்ளே வந்ததும் குனிந்து பெட்டியைத் திரும்பக் கதவடிக்கு நகர்த்துவார், பெருவிரல் மூடியில் கொஞ்ச நேரம் நிற்கும். அவருக்கு அது ஆறுதல் என்று புவனா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அது மகளின் கோடு, மாமியின் கோடு இல்லை. அந்த வித்தியாசம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன மார்கழியிலும், தச்சர் விட்ட இடம் போதாமல், கதவு இறுகிக்கொண்டது. உள்ளே நின்று நான் இழுக்க, வெளியே நின்று அவர் தள்ள, புவனா குசினியிலிருந்து கேட்டாள்:

"பெட்டியத் திறக்கட்டா?"

வெளியே மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சவர்க்காரக் கட்டியைத் தேடப் போனேன்.